மைக் கையில் இல்லாதவர்களுக்கான பாட்டு

கரோக்கேயில் பாட ஒரு கலகலப்பான ஜப்பானியப் பாட்டு சொல்லுங்கள் என்று யாரைக் கேட்டாலும், மூச்சு முட்டுகிற வேகத்தில் போகிற பாட்டைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாட்டின் வேகத்தை விட, மைக் கையில் இல்லாத மற்றவர்களுக்கு அந்த நாலு நிமிஷம் என்ன வேலை இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கைதட்டவோ, நடுவில் ஒரு சத்தம் போடவோ, எழுந்து ஆடவோ இடம் இருந்தால் பாட்டு பிழைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் ஒருத்தர் உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருப்பார், மற்றவர்கள் செல்போனை நோண்டிக்கொண்டிருப்பார்கள்.

நான் டோக்கியோவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வீடு எதோகாவா வார்டில், நிஷிகசாய் பக்கம். இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கிற பகுதி என்பதால் வார இறுதியில் நம் ஆட்கள் ஆறேழு பேர் சேர்ந்துவிடுவது சுலபம். அது ஒரு கூட்டம். இன்னொன்று அலுவலகக் கூட்டம். டிசம்பரில் போனென்காய் என்று ஆண்டுக் கடைசி விருந்து நடக்கும். அது முடிந்ததும் 'நிஜிகாய்', அதாவது இரண்டாவது ரவுண்டு என்று பாதிப் பேர் கரோக்கேவுக்குக் கிளம்புவார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பட்டியல் செல்லாது. ஆனால் மேலே சொன்ன கணக்கு இரண்டுக்கும் பொருந்தும்.

இங்கே கரோக்கே என்றால் முகம் தெரியாத கூட்டத்துக்கு முன்னால் மேடையேறுவது இல்லை. நமக்கென்று ஒரு சின்ன அறை, கதவைச் சாத்திக்கொண்டால் நம் ஆட்கள் மட்டும்தான். 1985இல் ஒகாயாமாவில் சரக்குக் கன்டெய்னர் ஒன்றை அறையாக மாற்றி வாடகைக்கு விட்டதில்தான் இந்த 'கரோக்கே பாக்ஸ்' ஆரம்பித்தது என்பார்கள். இப்போதும் சில அறைகளில் காலை நீட்டினால் எதிரில் இருப்பவர் முட்டியில் இடிக்கும். சுருதி விலகினால் சிரிக்க வெளியாள் யாரும் இல்லை. அதே மாதிரி, அறை தூங்கி வழிந்தால் தூக்கி நிறுத்தவும் யாரும் வரப்போவதில்லை.

பெரும்பாலான கடைகளில் டாம் அல்லது ஜாய்சவுண்ட், இந்த இரண்டு கருவிகளில் ஒன்றுதான் இருக்கும். பாட்டைத் தேடிப் போட ஒரு டேப்லெட் கொடுப்பார்கள். டாம் கருவியில் அதன் பெயர் டென்மோகு. எந்தக் கருவியாக இருந்தாலும் நாங்கள் டென்மோகு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உள்ளே போய் உட்கார்ந்ததும் 'நீங்க போடுங்க', 'இல்ல இல்ல, நீங்க போடுங்க' என்று அந்த டேப்லெட் மேசையைச் சுற்றி ஊர்வலம் வரும். அந்த நேரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. டேப்லெட்டிலேயே 'ரிரேகி' என்று ஒரு பொத்தான் உண்டு. நமக்கு முன்னால் அதே அறையில் இருந்தவர்கள் பாடியதெல்லாம் அதில் வரிசையாக வரும். முன்பின் தெரியாதவர்களின் ரசனையை எட்டிப் பார்ப்பதில் ஒரு அற்ப சந்தோஷம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதைவிட முக்கியம், எந்தப் பாட்டை எல்லோரும் பாடுகிறார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும். நாலைந்து தடவை பார்த்தால் திரும்பத் திரும்ப வருகிற பெயர்கள் மனப்பாடமாகிவிடும். என் பட்டியலில் பாதி அப்படிச் சேர்ந்ததுதான்.

முதலில் எதைப் போடக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். யோஆசோபி குழுவின் 'யோரு நி காகேரு' (2019), 'ஐடல்' (2023) இரண்டும் கேட்க அருமையான பாட்டுகள். காரில் போகும்போது கேட்டால் கால் தானாக ஆடும். ஆனால் அறைக்குள் பாட ஆரம்பித்தால் மூச்சு விட இடமில்லை. மெட்டு ஏணியில் ஏறுகிற மாதிரி மேலே மேலே போகும், கடைசியில் சுருதியே மாறிவிடும். 'ஐடல்' நடுவில் ராப் வேறு. நன்றாகப் பாடுகிறவர் ஒருவர் இருந்தால் மற்றவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள், பாடத் தெரியாதவர் போட்டால் மற்றவர்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள். இரண்டிலும் பார்க்கிற வேலை மட்டும்தான். கிரீப்பி நட்ஸின் 'ப்ளிங்-பேங்-பேங்-போர்ன்' (2024) கொஞ்சம் வேறு ரகம். ராப் பகுதி கடினம்தான், ஆனாலும் பல்லவி வந்ததும் அறையே சேர்ந்துகொள்ளும். ராப் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் இருந்தால் தாராளமாகப் போடலாம்.

இனி போடக்கூடியது. என்னைக் கேட்டால் முதல் இடம் தி ப்ளூ ஹார்ட்ஸ் குழுவின் 'லிண்டா லிண்டா'வுக்குத்தான். 1987இல் வந்த பங்க் ராக் பாட்டு. எங்கள் கூட்டத்தில் வேலூர்க்கார அண்ணன் ஒருவர் இருக்கிறார். கடையில் 'பை வேண்டாம்' என்று சொல்கிற அளவுக்குத்தான் அவருக்கு ஜப்பானிய மொழி வரும். கரோக்கே என்றாலே மூலையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவலைக் காலி செய்வதோடு சரி. இந்தப் பாட்டைப் போட்டுவிட்டு அவர் கையில் இரண்டாவது மைக்கைக் கொடுத்தேன்.

"எனக்கு ஒரு வரி கூடத் தெரியாதேப்பா."

"தெரிய வேண்டாம்ணா. டிரம்ஸ் வந்ததும் குதிங்க. தலைப்பை மட்டும் கத்துங்க, போதும்."

பாட்டு ஆரம்பிக்கும்போது ஏமாற்றும். ஒரு கிடாரும் ஒரு குரலும் மட்டும், மெதுவாக, கிட்டத்தட்டத் தாலாட்டு மாதிரி. அண்ணன் என்னைப் பார்த்து 'இதுவா கலகலப்பு?' என்று புருவத்தைத் தூக்கினார். அடுத்த நொடி டிரம்ஸ் வெடித்தது. பல்லவி முழுக்கத் தலைப்பையே திரும்பத் திரும்பக் கத்த வேண்டியதுதான். ஜப்பானியர்கள் 'ல'வையும் 'ர'வையும் ஒரே ஒலியாகத்தான் சொல்வார்கள், அதனால் 'லிண்டா' என்றாலும் 'ரிண்டா' என்றாலும் யாரும் கண்டுகொள்ளப் போவதில்லை. இரண்டாவது பல்லவியில் அண்ணன் சோபா மேல் நின்றுகொண்டிருந்தார். அதைச் செய்யாதீர்கள், தரையிலேயே குதியுங்கள். இன்னொன்று, பாட்டு தொடங்குமுன் மெலன் சோடா டம்ளர்களைச் சுவரோரமாகத் தள்ளி வைத்துவிடுங்கள். அந்த மேசைகள் எல்லாம் இடுப்புக்குக் கீழே இருக்கும், ஒரு முட்டி பட்டால் டேப்லெட்டோடு சேர்ந்து எல்லாம் நனையும்.

இதே ரகத்தில் இன்னும் சோம்பேறித்தனமான பாட்டு, பீஸ் குழுவின் 'உல்ட்ரா சோல்'. 2001இல் ஃபுகுஓகாவில் நடந்த உலக நீச்சல் போட்டிக்கான பாட்டு. பாடுகிறவர் தலைப்பைச் சொல்லி முடித்ததும் மற்றவர்கள் கையைத் தூக்கி ஒரே ஒரு கத்தல் கத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த ஒரு கத்தலுக்காக அறை முழுவதும் காத்துக்கொண்டிருக்கும். இரண்டாவது தடவை வருவதற்குள் புதிதாக வந்தவர்களுக்கும் பிடிபட்டுவிடும். ஆண்குரல், சுருதி கொஞ்சம் மேலே, அதனால் பாடுகிறவர் மட்டும் தொண்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைகளோடு போனால் 'ஓதோரு பொம்போகோரின்'. சிபி மாருகோ-சான் கார்ட்டூனுக்காக 1990இல் பி.பி. குயீன்ஸ் பாடியது. அந்த வருஷத்து ஜப்பான் ரெக்கார்ட் விருதையும் வாங்கியது. வரிகளில் பெரிதாக அர்த்தம் தேட வேண்டாம். தாளத்துக்கு வாயில் வந்ததைச் சொல்கிற ரகம், நம் 'சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு' சொல்கிற வயசுப் பிள்ளைகளே பிடித்துக்கொள்வார்கள்.

ஆட வேண்டும் என்று ஆசைப்படுகிற கூட்டத்துக்கு, பாட்டை விடப் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். டேப்லெட்டில் சில பாட்டுகளுக்குப் பக்கத்தில் பாடகரின் அசல் காணொளியே திரையில் வரும் என்று குறிப்பு இருக்கும். அப்படி இல்லாத பாட்டுக்குக் கடற்கரையில் யாரோ ஒரு பெண் கண்ணீர் விடுகிற மாதிரி சம்பந்தமில்லாத படம்தான் ஓடும். டா பம்ப் குழுவின் 'யு.எஸ்.ஏ.' (2018) அசல் காணொளியோடு வந்தால், திரையைப் பார்த்துக்கொண்டே கட்டைவிரலைத் தூக்கி ஒற்றைக் காலில் குதித்துவிடலாம். ஏற்கெனவே 1992இல் இத்தாலிப் பாடகர் ஜோ யெல்லோ பாடிய யூரோபீட் பாட்டின் ஜப்பானிய வடிவம் இது, தாளம் காதுக்குப் பழகினதாகவே இருக்கும். ஏ.கே.பி.48இன் 'கோய்சுரு ஃபார்ச்சூன் குக்கீ' (2013) இன்னும் எளிது. அது வந்த புதிதில் நிறுவனங்களும் மாகாண அலுவலகங்களும்கூடத் தங்கள் ஊழியர்களை ஆட வைத்துக் காணொளி போட்டன. ஆகவே உங்கள் ஜப்பானிய நண்பர்களில் ஒருவருக்காவது அந்த ஆட்டம் கைவசம் இருக்கும். அவரை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் நின்றுகொள்ளுங்கள்.

அலுவலகக் கூட்டம் தனிக்கதை. அங்கே இருபத்து மூன்று வயதுப் பையனும் ஐம்பத்தைந்து வயதுக் காச்சோவும், அதாவது பிரிவுத் தலைவரும், ஒரே சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள். போன வருஷத்து ஹிட்டைப் போட்டால் காச்சோ தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் இளமைக் காலப் பாட்டைப் போட்டால் பையன்கள் தலையை ஆட்டுவார்களே தவிர ஒட்ட மாட்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த பழைய பாட்டு வேண்டும். ஓகினோமே யோகோவின் 'டான்சிங் ஹீரோ' அப்படிப்பட்டது. 1985இல் வந்தது, காச்சோவுக்கு அது பள்ளிக் காலம். 2017இல் ஒசாகாவின் தோமியோகா உயர்நிலைப் பள்ளி நடனக் குழு, தோள்பட்டை புடைத்த எண்பதுகளின் கோட்டு மாட்டிக்கொண்டு இதே பாட்டுக்கு ஆடியது நாடெங்கும் பரவியது. அதனால் பையன்களுக்கு அது அவர்கள் பள்ளிக் காலப் பாட்டு. சாய்ஜோ ஹிதேகியின் 'யங் மேன்' (1979) இன்னொன்று. பல்லவியில் வருகிற Y, M, C, A என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைக் கையால் போட்டுக் காட்டத் தெரியாத ஜப்பானியரை நான் பார்த்ததில்லை.

நிஜமாகவே அறையைத் தலைகீழாக்க வேண்டும் என்றால் 'மட்சுகென் சாம்பா 2'. சாமுராய் தொலைக்காட்சித் தொடரில் ஷோகுனாக நடித்துப் பெயர் வாங்கிய மட்சுதைரா கென், தங்க நிறத்தில் மின்னுகிற கிமோனோ போட்டுக்கொண்டு சாம்பா ஆடுகிற பாட்டு, 2004இல் சக்கைப்போடு போட்டது. இதை வெளிநாட்டுக்காரர் ஒருவர் போட்டால் அதற்கே முதலில் ஒரு கைதட்டல் விழும். எங்கள் குழுவில் அதிகம் பேசாத சீனியர் ஒருவர், நான் இதைப் போட்டதும் மெல்ல எழுந்து மூலையில் கிடந்த மராக்காஸை, அதாவது கிலுகிலுப்பை மாதிரிக் குலுக்குகிற கருவியை, எடுத்துக்கொண்டார். பாட்டு முடியும்வரை திருப்பித் தரவில்லை.

நம் கூட்டத்தில் நிச்சயம் யாராவது அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன், பாட்டு கேட்பார்கள். நல்லதுதான். டிராகன் பால் இசட்டின் 'சா-லா ஹெட்-சா-லா' (1989, காகெயாமா ஹிரோனோபு), எவாஞ்சலியனின் 'சன்கொகு ந தென்ஷி நொ தேசே' (1995, தகாஹாஷி யோகோ) இரண்டும் ஜப்பானியர், இந்தியர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்குத் தெரிந்தது தொலைக்காட்சியில் வருகிற ஒன்றரை நிமிஷம்தான். முழுப்பாட்டு நாலு நிமிஷத்தைத் தொடும். முதல் சரணம் வரை சிங்கம் மாதிரி பாடிவிட்டு, இரண்டாவது சரணம் வந்ததும் திரையை வெறித்துப் பார்க்கிற முகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சில பாட்டுகளுக்கு 'டிவி சைஸ்' என்று குறுகிய வடிவமே பட்டியலில் இருக்கும், அதைத் தேடிப் போடுங்கள். இல்லையென்றால் முதல் பல்லவி முடிந்ததும் நிறுத்துகிற பொத்தானை அழுத்திவிடுங்கள். உங்கள் பாட்டை நீங்கள் நிறுத்துவதில் ஒரு தப்பும் இல்லை. அடுத்தவர் பாட்டை நிறுத்தினால்தான் நட்பு முறியும்.

பாஷைக்கு வருவோம். திரையில் 'கஞ்சி' எனப்படும் சீன எழுத்துகளுக்கு மேலே, அவற்றின் உச்சரிப்பைக் காட்டப் பொடியாக ஹிராகானா என்ற ஒலியெழுத்தும் வரும். ஆகவே ஹிராகானாவும் அதன் ஜோடியான கதகானாவும் படிக்கத் தெரிந்தால் போதும், பாடிவிடலாம். அதற்குச் சோம்பல்பட்டு வரிகளைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்பவர்கள் உண்டு. குறில், நெடில், ஒற்று மூன்றும் நமக்குப் பிறப்பிலேயே வந்தவை என்பதால் அந்த மட்டில் தமிழ் எழுத்து நன்றாகவே கைகொடுக்கும். மாட்டிக்கொள்கிற இடம் வல்லினம். தமிழில் 'ககொ' என்று எழுதினால் நடுவில் இருக்கிற 'க'வை மென்மையாகத்தான் நம் வாய் படிக்கும். ஜப்பானிய மொழியில் அதை அழுத்திச் சொன்னால் கடந்தகாலம், மென்மையாகச் சொன்னால் கூடை. நான் அழுத்திச் சொல்ல வேண்டிய எழுத்துகளுக்குக் கீழே கோடு போட்டுக்கொள்வேன். க, ட, த, ப நான்குக்கும் இதே வைத்தியம்தான்.

இன்னொரு இடம் 'ன்'. நாம் அதை முந்தைய எழுத்தோடு சேர்த்து விழுங்கிவிடுவோம். ஜப்பானியப் பாட்டில் அதற்குத் தனி மாத்திரை உண்டு, பல நேரம் தனி ஸ்வரமே உண்டு. எவாஞ்சலியன் பாட்டின் முதல் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ச - ன் - கொ - கு - ந' என்று ஐந்து ஸ்வரம். 'சன்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் முதல் சொல்லிலேயே தாளத்துக்கு முன்னால் ஓடிவிடுவீர்கள், அப்புறம் துரத்திப் பிடிப்பது கஷ்டம். இது ஒன்றைச் சரிசெய்தாலே, 'உச்சரிப்பு நன்றாக இருக்கிறதே' என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

சுருதி பற்றி ஒரு வார்த்தை. டேப்லெட்டிலும் கருவியிலும் 'கீ' ஏற்ற இறக்கப் பொத்தான் இருக்கிறது, ஆனால் ஏதோ கௌரவக் குறைச்சல் மாதிரி யாரும் அதைத் தொடுவதில்லை. பெண்குரல் பாட்டை ஆண் பாடும்போது நாலைந்து படி இறக்கிப் பாருங்கள். அப்போதும் எட்டவில்லை என்றால் ஒரு ஸ்தாயி கீழே போய்ப் பாடி, கீயை மூன்று நான்கு படி *ஏற்றுங்கள்*. கேட்கத் தலைகீழாகத் தோன்றும், ஆனால் தரையில் முனகுகிற குரல் மேலே வந்து உட்காரும். இதை எல்லோர் முன்னாலும் சோதித்துப் பார்க்க வேண்டாம். வார நாள் பகலில் கட்டணம் குறைவு, தனியாளாகப் போய்ப் பாடுவது இங்கே சர்வசாதாரணம். 'ஹிதோகாரா' என்று அதற்குப் பெயரே இருக்கிறது. ஒருமணி நேரம் தனியாகப் பாடிப் பார்த்து, எந்தப் பாட்டுக்கு எந்தக் கீ என்று செல்போனில் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

எத்தனை பாட்டு தயார் செய்வது? ஆறு பேர், இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டுக்குப் பேச்சும் சேர்த்து ஐந்து நிமிஷம் என்றால் மொத்தம் 24 பாட்டு, ஆளுக்கு நாலு. ஐம்பது பாட்டுப் பட்டியல் எல்லாம் தேவையே இல்லை. அந்த நாலையும் அடுத்தடுத்து வரிசையில் போட்டு வைக்காமல், ஒன்று போட்டதும் டேப்லெட்டைப் பக்கத்து ஆளிடம் நகர்த்திவிடுங்கள். மதிப்பெண் போடுகிற வசதியை நான் அணைத்துவிடுவேன். நன்றாகக் குதித்து ஆடிவிட்டு மூச்சு வாங்க உட்காரும்போது, 'நீங்கள் எழுபத்துச் சொச்சம்' என்று திரை சொல்வது யாருக்கும் தேவையில்லாத செய்தி. காச்சோ இருந்தால் இன்னும் தேவையில்லை. நடுவில் யாராவது சோகப் பாட்டு போட்டால் விட்டுவிடுங்கள், கையில் தட்டுகிற தம்புரினைக் கீழே வைத்துவிட்டு அமைதியாகக் கேளுங்கள். தொண்டைக்கும் ஓய்வு வேண்டும். கூடவே ஒன்று: பானம் கொண்டுவருகிற ஊழியர் நீங்கள் உச்சத்தில் கத்துகிற இடத்தில்தான் கதவைத் திறப்பார். அவர் ஆயிரம் பேரைப் பார்த்தவர். நிறுத்தாமல் பாடுங்கள்.

நேரம் முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது சுவரில் இருக்கிற தொலைபேசி அடிக்கும். இன்னும் இரண்டு பாட்டுக்குத்தான் இடம். அந்தக் கடைசி இடத்துக்கு நான் எடுத்து வைப்பது மங்கோல்800இன் 'சீசானா கோய் நோ உதா'. ஒகினாவாவைச் சேர்ந்த குழு, அப்போது மூன்று பேர், 2001 ஆல்பம். மெட்டு எல்லோர் குரலுக்கும் எட்டுகிற உயரத்தில் இருக்கும், பல்லவியில் மைக்கே வேண்டாம், அறையே பாடிவிடும். தொலைபேசியை எடுத்தவர் பெரும்பாலும் எங்களைத் திரும்பிப் பார்த்து, "இன்னும் அரை மணி நேரம் நீட்டிக்கலாமா?" என்று கேட்பார். வெள்ளிக்கிழமை இரவு என்றால் கீழே வரிசை நிற்கும், பெரும்பாலும் இடம் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். மற்ற நாட்களில் கிடைக்கும். நான் தோசாய் லைனின் கடைசி ரயில் நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்று சொல்வது.